நஷ்டம் யார் தலையில்?

நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலையை நம் நேயர்கள் அறியாதவர்கள் அல்லர். வல்வில் ஓரி ஆண்ட மலை என்றும், அறப்பளீசுவரர் கோயில் கொண்ட மலை என்றும், ஆகாய கங்கை வீழும் மலை என்றும் அதைப் போற்றாத தமிழர் இல்லை. ஆடி மாதத்தில் ஓரிக்கு விழா எடுக்கிறோம், மேடையேறிப் பேசுகிறோம், பிறகு இறங்கி வந்துவிடுகிறோம். அந்த மலையில் வாழும் குடியானவர் எதை நம்பிப் பயிரிடுகிறார், விளைந்ததை யார் வாங்குகிறார், வாங்காது போனால் அவர் கதி என்ன என்னும் கேள்விகள் மட்டும் அந்த மேடைகளில் எழுவதில்லை. அக்கேள்விகளை இன்று எழுப்புவது நமது கடமை என்று கருதுகிறோம்.

காரவள்ளியிலிருந்து மலையேறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உண்டு. அப்பாதையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி இறங்குகிறது. ரேஷன் அரிசி ஏற்றிய லாரி ஏறுகிறது. இரண்டும் ஏதோ ஒரு வளைவில் ஒன்றுக்கொன்று வழிவிட்டுச் செல்கின்றன. இதில் அதிசயம் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். இரண்டு தலைமுறைக்கு முன்னால் இந்த மலை தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொண்டது. சாமையும் தினையும் பனிவரகும் கேழ்வரகும் அங்கே விளைந்தன, அங்கேயே உண்ணப்பட்டன. இன்று அந்த மலை ஆலைக்குக் கிழங்கு அனுப்பிவிட்டுத் தன் சோற்றுக்குச் சமவெளியை எதிர்பார்க்கிறது. விற்பதற்கும் அதே பாதை, உண்பதற்கும் அதே பாதை. அடை மழையில் மண் சரிந்து ஒரு வளைவு அடைபட்டால், வரவும் உணவும் சேர்ந்தே தடைப்படுகின்றன.

இக்காலத்து வியாபார உலகம் இத்தகைய நிலைமைக்கு ஒரு சாஸ்திரம் வகுத்திருக்கிறது. விளைவிப்பவர் முதல் உண்பவர் வரையுள்ள கைமாற்றங்களைச் சங்கிலி என்கிறார்கள். அச்சங்கிலியில் இயந்திரம் பழுதாவதாலோ, ஆட்கள் தவறுவதாலோ, ஏற்பாடுகள் குலைவதாலோ, வெளியிலிருந்து இடையூறு வருவதாலோ உண்டாகும் நஷ்டத்தை நடைமுறை அபாயம் என்கிறார்கள். 2004-ஆம் ஆண்டில் பாசல் நகரத்துக் கமிட்டி பாங்குகளுக்கு வகுத்த விதிகளில் இந்த அபாயத்துக்கு இலக்கணம் கூறி, அதற்கு ஈடாக மூலதனம் ஒதுக்கி வைக்க வேண்டுமென்று விதித்தது. அதாவது, பாங்குக்கு நேரக்கூடிய நஷ்டம் முன்கூட்டியே அளக்கப்படுகிறது. அதைத் தாங்கப் பணமும் எடுத்து வைக்கப்படுகிறது. கொல்லிமலைக் குடியானவருக்கு நேரக்கூடிய நஷ்டத்தை யார் அளக்கிறார்கள்? அதற்கு ஈடாக யார் எதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்?

இந்த அளவைச் சாஸ்திரத்தின் பால பாடம் பத்திரிகைத் தொழிலிலிருந்தே எடுக்கப்பட்டது என்பதை நம் நேயர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். நாளைக் காலை எத்தனை பிரதிகள் விற்கும் என்பது இன்றிரவு அச்சிடும் எமக்குத் தெரியாது. அதிகம் அச்சிட்டால் மிஞ்சியது எடைக்குப் போகும். குறைத்து அச்சிட்டால் வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். ஒரு பிரதிக்கு 4 ரூபாய் செலவாகி, அது 6 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். மிஞ்சும் பிரதி ஒவ்வொன்றுக்கும் நஷ்டம் 4 ரூபாய். கிடைக்காமல் போகும் பிரதி ஒவ்வொன்றுக்கும் கைவிட்ட லாபம் 2 ரூபாய். ஆகையால், மூன்று நாளில் ஒரு நாள் பத்திரிகை மிஞ்சவும் இரண்டு நாள் தீர்ந்துபோகவும் கூடிய அளவில் அச்சிடுவதே புத்திசாலித்தனம் என்று கணக்கு சொல்லுகிறது. 1888-ஆம் ஆண்டில் எட்ஜ்வொர்த் என்னும் அறிஞர் ஒரு பாங்கு எவ்வளவு ரொக்கம் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதே முறையில் விடை கண்டார். 1951-இல் கென்னத் ஆரோ முதலியோர் அதைச் சரக்கு இருப்புக்கு விரித்துரைத்தார்கள். இன்று உலகெங்கும் கல்லூரிகளில் இதற்குப் பத்திரிகை விற்பவன் கணக்கு என்றே பெயர்.

இக்கணக்கில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மிஞ்சிய பிரதிகளைத் திரும்ப வாங்குவதில்லை, அந்த நஷ்டம் ஏஜெண்டுடையது என்று ஒரு பத்திரிகாசிரியர் சட்டம் செய்துவிட்டால் அவர் எத்தனை பிரதிகள் அச்சிடுவார்? தயக்கமின்றி இஷ்டம்போல் அச்சிட்டு ஏஜெண்டின் தலையில் கட்டுவார். கிராக்கி மாறவில்லை, காகித விலை மாறவில்லை, மிச்சத்தின் நஷ்டம் கைமாறியது ஒன்றே மாறிற்று. மிச்சத்தின் நஷ்டத்தைச் சுமக்காதவர் எப்போதும் மிச்சத்துக்கே வழி செய்வார். இந்த ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டு மலைக்கு வருவோம்.

மரவள்ளிக் கரணையை நடும் குடியானவர், கிழங்கு பறிக்கச் சுமார் பத்து மாதம் காத்திருக்க வேண்டும். பத்திரிகாசிரியர் ஓர் இரவு முன்னதாகச் செய்யும் யூகத்தை இவர் பத்து மாதம் முன்னதாகச் செய்கிறார். சமவெளியிலுள்ள சேகோ ஆலைக்காரரோ, கிழங்கு வேண்டுமா வேண்டாமா, என்ன விலைக்கு வேண்டும் என்பதை அன்றன்று காலையில் தீர்மானிக்கலாம். நடுவிலுள்ள தரகருக்கு அந்தத் தீர்மானங்கூட இல்லை. லாரி ஓடினால் கமிஷன், ஓடாவிட்டால் ஓய்வு. முதலில் முடிவு செய்கிறவர் நஷ்டத்தைச் சுமக்கிறார். கடைசியில் முடிவு செய்கிறவர் சௌகரியத்தை அனுபவிக்கிறார். விலை நன்றாக இருக்கும் ஆண்டில் எல்லோரும் நடுங்கள் என்று ஊக்குவிப்பவர்கள் பலர். எல்லோரும் நட்டதனால் அடுத்த ஆண்டு விலை விழுந்தால், அந்த மிச்சத்துக்குப் பங்காளி ஒருவரும் இல்லை.

இந்தத் தொழிலின் வரலாறே ஒரு பாடம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது மலேயா, ஜாவா நாடுகளிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் வருவது நின்றது. அந்தக் குறையை நிரப்பவே 1943-ஆம் ஆண்டில் சேலத்தில் குடிசைத் தொழிலாக மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அந்நிய வரத்துச் சங்கிலி அறுந்தபோது பிறந்த சுதேசித் தொழில் இது. 1981-இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் பதிவாயிற்று. 2023-இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. இவை பெருமைக்குரியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த ஜவ்வரிசியை உண்பவர் யார்? பெரும்பகுதியும் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் முதலிய வட ராஜ்யங்களின் மக்கள். ஏகாதசியிலும் சிராவண மாதத்திலும் நவராத்திரியிலும் அவர்கள் விரதமிருந்து உண்ணும் கிச்சடிக்கு நமது ஜவ்வரிசி போகிறது. மாவு துணி ஆலைகளின் கஞ்சிக்குப் போகிறது. புனே நகரத்து இல்லத்தரசி விரத நாளில் எதைச் சமைக்கிறாள் என்பதும், அகமதாபாத்து ஆலை கஞ்சிக்கு மக்காச்சோள மாவை வாங்குகிறதா கிழங்கு மாவை வாங்குகிறதா என்பதும், கொல்லிமலைக் காட்டில் ஒரு குடும்பத்தின் கதியை நிர்ணயிக்கின்றன.

அந்தச் செய்தியும் நேராக மலைக்கு வந்து சேர்வதில்லை. அமெரிக்காவில் ஃபாரஸ்டர் என்பவர் 1961-இல் வெளியிட்ட நூலிலும், ஹௌ லீ முதலியோர் 1997-இல் எழுதிய கட்டுரைகளிலும் இதன் இயல்பை விளக்கியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு உடுத்தும் அணையாடையை விற்ற புராக்டர் அண்டு கேம்பிள் கம்பெனியார் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். குழந்தைகள் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் அதை உபயோகிக்கின்றன; ஆனால் மொத்த வியாபாரிகளிடமிருந்து வந்த ஆர்டர்களோ தாறுமாறாக ஏறி இறங்கின. சில்லறைக் கடைக்காரர் சிறிது கூட்டிக் கேட்கிறார். மொத்த வியாபாரி அதைப் பார்த்து இன்னும் கூட்டுகிறார். ஆலைக்காரர் அதற்கு மேலும் கூட்டுகிறார். குறையும்போதும் இப்படியே. சாட்டையின் பிடியில் கை சிறிது அசைந்தால் நுனி பெரிதாக வீசுவதுபோல, உண்பவரிடத்தில் சிறிதாக எழும் மாறுதல் விளைவிப்பவரிடம் வரும்போது பேரலையாகிறது. அந்தச் சாட்டையின் பிடி வடநாட்டுக் கடைத்தெருவில் இருக்கிறது. நுனி கொல்லிமலையில் இருக்கிறது. அடி விழுவது எப்போதும் நுனி படும் இடத்தில்தான்.

கிழங்கின் இயல்பும் குடியானவருக்கு அனுகூலமாக இல்லை. மண்ணிலிருந்து பறித்த மரவள்ளி இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகத் தொடங்கும். நெல்லைப்போல் மூட்டை கட்டி நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. ஆலையிலே மாவுச்சத்தை அளந்து, பாயிண்டு ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று கிரயம் போடுகிறார்கள். அளப்பது வாங்குபவர், பாயிண்டின் விலையைச் சொல்வதும் வாங்குபவர். 70 வளைவு இறங்கி வந்த லாரியைத் திருப்பி மலையேற்ற முடியாது என்பது இருவருக்கும் தெரியும். நாம் கற்ற சட்டத்தில், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்படிக்கை செல்லாது என்று கூறுகிறது. குடியானவர் நடும் நாளில் அவருக்கும் வாங்குபவருக்கும் இடையே விலையும் இல்லை, அளவும் இல்லை, வாங்குவேன் என்னும் வாக்கும் இல்லை. கோர்ட்டில் ஒப்பந்தம் என்று சொல்லத்தகாத ஒன்றை நம்பி ஒரு மலை முழுவதும் பத்து மாதம் உழைக்கிறது!

இனி, பழைய பயிரின் கணக்கைப் பார்ப்போம். மலையாளி என்னும் பெயருடைய இம்மலையின் பழங்குடியினர், அபாயத்தை அளக்கும் நூல் எதையும் படித்தவர்கள் அல்லர். ஆனால் மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை என்று வெவ்வேறு கால அளவில் விளையும் சாமைகளை அவர்கள் பேணி வந்தார்கள். மழை முந்தினால் ஒன்று, பிந்தினால் மற்றொன்று. உமியோடு கூடிய சாமை பல ஆண்டுகள் குதிரில் கெடாமல் இருக்கும். விலை இல்லையென்றால் விற்க வேண்டியதில்லை. வாங்க ஆளில்லை என்றால் உண்ணலாம். உண்ணவும் விற்கவும் வைத்திருக்கவும் விதைக்கவும் ஆக நான்கு கதவுகள் அந்தத் தானியத்துக்கு இருந்தன. ஆலைக்கென்று பயிரிட்ட கிழங்குக்கோ கதவு ஒன்றுதான். அதன் சாவியும் ஆலையில் இருக்கிறது.

அப்படியானால் அந்தத் தானியத்தை ஏன் கைவிட்டார்கள்? அறியாமையினால் அன்று. சாமை கையில் பணம் தரவில்லை; கிழங்கு தந்தது. பிள்ளையின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் ஓட்டு வீட்டுக்கும் ரொக்கம் வேண்டியிருந்தது. மேலும், சாமையின் உமியை நீக்கப் பெண்கள் உரலில் இடித்து மாள வேண்டியிருந்தது. ரேஷன் அரிசியை உலையில் போட்டால் முடிந்தது. பழமையைப் புகழ்ந்து பேசும் ஆடவர்கள் அந்த உலக்கையை ஒரு நாள் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசுவது நலம். 1988-இல் தோன்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இம்மலையில் பல ஆண்டுகள் உழைத்து, ஊர்தோறும் விதை வங்கிகளையும், உமி நீக்கும் இயந்திரங்களையும், மகளிர் குழுக்கள் மூலம் விற்பனையையும் ஏற்படுத்தினார்கள். தானியம் அழியாமல் நிற்பதற்கு அவ்வுழைப்பு ஒரு காரணம். ஆனால் ஒரு தர்ம ஸ்தாபனம் செய்யும் வேலைக்கும் ஒரு ராஜாங்கம் செய்ய வேண்டிய வேலைக்கும் வித்தியாசம் உண்டு.

கிழங்கு லாபமா, சாமை லாபமா என்று கேட்பவர்கள் சராசரியைக் காட்டி வாதத்தை முடித்துவிடுகிறார்கள். கணக்குக்காக ஒன்று சொல்வோம். ஒரு ஏக்கர் கிழங்கு, பத்து ஆண்டில் ஏழாண்டு 30,000 ரூபாய் லாபமும் மூன்றாண்டு 20,000 ரூபாய் நஷ்டமும் தருவதாகக் கொள்வோம். நிகரம் 1,50,000; ஆண்டுச் சராசரி 15,000. அதே ஏக்கரில் சாமை எட்டாண்டு 9,000-உம் இரண்டாண்டு 3,000-உம் தருவதாகக் கொண்டால் சராசரி 7,800. சராசரியைப் பார்த்தால் கிழங்குக்கே வெற்றி. ஆனால் அந்தக் குடும்பம் கடன் வாங்காமல் தாங்கக்கூடிய நஷ்டம் ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான் என்றால்? கிழங்கு கெடும் ஒவ்வோர் ஆண்டிலும் அது கடன் பத்திரம் எழுதியாக வேண்டும். இரண்டு கெட்ட ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தால் 40,000 ரூபாய் போய், வட்டியோடு நிலமும் போகும். நிலம் போனவருக்கு அடுத்து வரும் நல்ல ஏழாண்டால் என்ன பயன்? அந்தச் சராசரியை அனுபவிக்க அவர் அங்கே இருக்க மாட்டார்.

அதே ஏக்கரைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் சராசரி 11,400 ஆகிறது; 3,600 ரூபாய் குறைவுதான். ஆனால் கிழங்கு கெட்ட ஆண்டில், சாமை சரியாக விளைந்தால் நஷ்டம் 5,500-ஓடு நிற்கிறது. சாமையும் குறைந்து போனால் 8,500-ஓடு நிற்கிறது. தாங்கும் எல்லைக்குள் குடும்பம் பிழைத்துக்கொள்கிறது. இதைத்தான் 2000-ஆம் ஆண்டில் ராக்கஃபெல்லர், உர்யாசேவ் என்னும் இருவர் கணித முறையில் எளிதாக்கித் தந்தார்கள்: எல்லா ஆண்டுகளின் சராசரியைப் பாராதே, மிகக் கெட்ட ஆண்டுகளை மட்டும் தனியே எடுத்து அவற்றின் சராசரியைப் பார் என்பது அவர்கள் முறை. கொல்லிமலைப் பாட்டன் குதிரைக் கட்டி வைத்ததும் இதே கணக்குக்குத்தான்.

கெட்ட ஆண்டு கிராக்கியால் மட்டும் வருவதன்று. 2020-ஆம் ஆண்டில் மரவள்ளி மாவுப்பூச்சி என்னும் அந்நியப் பூச்சி முதன்முதலாகக் கேரளத்தில் காணப்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் ஜில்லாக்களிலும் பரவியது. கரணையோடு கரணையாக அது ஊர்விட்டு ஊர் சென்றது. ஆப்பிரிக்காவில் 1980-களில் இதே பூச்சியை ஒரு சிறு குளவியைக் கொண்டு அடக்கினார்கள். அக்குளவியை நமது விஞ்ஞானிகளும் தருவித்து 2022-இல் வயல்களில் விட்டார்கள். அவர்கள் செயல் பாராட்டத்தக்கது. ஆனால் அளவைச் சாஸ்திரம் இதிலிருந்து ஒரு பாடம் சொல்லுகிறது. நூறு குடும்பம் நூறு விதப் பயிர் செய்தால் ஒருவர் நஷ்டத்தை மற்றவர் உதவியால் தாங்கலாம். நூறு குடும்பமும் ஒரே பயிர் செய்து ஒரே வாங்குபவரை நம்பினால், எல்லோருக்கும் ஒரே நாளில் இடி விழுகிறது. உதவ அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. 2016 முதல் நடந்துவரும் பயிர் இன்ஷூரன்ஸ் திட்டம் விளைச்சல் குறைந்தால் பணம் தருகிறது. அமோகமாக விளைந்து வாங்க ஆளில்லாமற் போனால் தருவதில்லை. கிராக்கியின் அபாயத்துக்கு நம் நாட்டில் இன்னும் இன்ஷூரன்ஸ் இல்லை.

மலையில் விளையும் மிளகு இதற்கு மறுபக்கம் காட்டுகிறது. அதன் விலையும் நம் கையில் இல்லை. உலகில் மிகுதியாக மிளகு விளைவிக்கும் வியட்நாமின் கையில் இருக்கிறது. இலங்கை வழியாக மலிவுச் சரக்கு வந்து விலை சரிந்தபோது, 2017 டிசம்பரில் மத்திய சர்க்கார் இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை விதிக்க வேண்டி வந்தது. ஆனால் உலர்ந்த மிளகு ஆண்டுக் கணக்கில் இருக்கும். கையில் பணமுள்ளவர் காத்திருந்து விற்றார். இல்லாதவர் பறித்த வாரமே கொடுத்தார். சரக்கு காத்திருக்கக்கூடியதாயினும் குடும்பம் காத்திருக்கக்கூடியதாக இல்லையென்றால் பயனில்லை.

ஆகவே கொல்லிமலையின் அபாயத்தை அளக்க நான்கு கேள்விகள் போதும். முடிவு செய்யும் நாளுக்கும் விற்கும் நாளுக்கும் எத்தனை மாதம்? விளைந்த பண்டம் கெடாமல் எத்தனை நாள் காத்திருக்கும்? வாங்குபவர் எத்தனை பேர்? மிகக் கெட்ட ஆண்டின் நஷ்டத்தைக் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? இந்நான்குக்கும் விடை, செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் சந்தைக்கு வரும் எந்தக் குடியானவரைக் கேட்டாலும் கிடைக்கும். அதைக் கேட்டு எழுதி, ஜில்லா நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிடுவதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது. டன் கணக்கும் ஏக்கர் கணக்கும் அச்சிடும் சர்க்கார், தாங்கும் நாள் கணக்கையும் அச்சிடட்டும்.

வியாபாரமென்றால் லாபமும் நஷ்டமும் கலந்தே வரும். நல்ல விலை கிடைத்த ஆண்டில் குடியானவர் பங்கு கொடுத்தாரா என்று சிலர் வாதிப்பர். நியாயமான கேள்விதான். ஆலைக்காரர்களுக்கும் கஷ்டங்கள் உண்டு. மக்காச்சோள மாவைக் கலந்து விற்கும் சிலரால் நேர்மையான ஆலைகளும் நஷ்டப்படுகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பங்காளிகளுக்குள் லாப நஷ்டம் பிரிவது வேறு. ஒரு பக்கம் சௌகரியமும் ஒரு பக்கம் அபாயமும் நிலையாகக் குவிவது வேறு. ஆலைக்காரரின் கெட்ட ஆண்டு இருப்பில் தெரிகிறது. குடியானவரின் கெட்ட ஆண்டு அடகுக் கடையில் தெரிகிறது. கிழங்கை ஒழித்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கிழங்கின் நஷ்டத்தை அதன் லாபத்தில் பங்குபெறும் எல்லோரும் பகிர வேண்டும் என்றே சொல்கிறோம்.

சிறுதானியத்தைப் பற்றி உற்சாகத்துக்குக் குறைவில்லை. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. பெரிய ஓட்டல்களில் தினைப் பாயசம் பரிமாறினார்கள். ஆனால் உற்சாகம் வேறு, கிராக்கி வேறு. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது தூத்துக்குடி முழுவதும் உற்சாகம் பொங்கியது. அந்நியக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துப் பிரயாணிகளை இழுத்தது, அடக்குமுறையும் சேர்ந்துகொண்டது, சில ஆண்டுகளில் நமது கம்பெனி கலைந்தது. தேசபக்தி ஒரு தொழிலைத் தொடங்கி வைக்கும். அதை நிலைநிறுத்த நிச்சயமான கிராக்கி வேண்டும். அந்த நிச்சயத்தைத் தரக்கூடிய பெரிய வாடிக்கைக்காரர் நம் நாட்டில் ஒருவரே. அவர் சர்க்கார்.

அவர் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, மலைக்கு மேலேயே கிராக்கியை நிச்சயப்படுத்துவது. 2023 மே மாதம் முதல் நீலகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். அம்முறையைக் கொல்லிமலைக்கும், கேழ்வரகோடு சாமைக்கும் நீட்டலாம். மலையிலுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் சத்துணவுக் கூடங்களிலும் வாரம் சில வேளை அந்த மலையின் தானியம் சமைக்கப்படட்டும். எத்தனை பிள்ளைகள், எத்தனை வேளை என்பது சர்க்காரின் பதிவேட்டிலேயே இருக்கிறது. இதைவிட நிச்சயமான கிராக்கி எந்தச் சந்தையிலும் இல்லை. மேலே ஏறும் லாரியும் கீழே இறங்கும் லாரியும் அந்த அளவுக்குக் குறையும். மத்திய சர்க்காரின் ஆதார விலைப் பட்டியலில் கேழ்வரகு, கம்பு, சோளம் உண்டு. சாமைக்கும் தினைக்கும் இதுவரை இடமில்லை. சத்தீஸ்கர் ராஜ்யம் 2021-இல் வரகுக்கும் சாமைக்கும் தானே விலை அறிவித்தது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

இரண்டாவது, கிழங்குக்கு நடும் நாளிலேயே எழுத்து மூலம் விலையும் அளவும். 2019-இல் தமிழ்நாட்டு சட்டசபை இயற்றிய ஒப்பந்த சாகுபடிச் சட்டம் புஸ்தகத்தில் இருக்கிறது. விளைச்சலில் ஒரு பாதிக்காவது குறைந்தபட்ச விலையை ஆலைகளும் சேகோசர்வும் முன்கூட்டிக் கூறட்டும். மிச்சத்தின் நஷ்டத்தில் தமக்கும் பங்குண்டு என்றால், எவ்வளவு நட வேண்டும் என்ற உண்மையை அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். மூன்றாவது, காத்திருக்கும் சக்தி. மலையிலேயே கிழங்கைச் சீவி உலர்த்தவும், மிளகையும் தானியத்தையும் கிடங்கில் வைத்து ரசீதின் பேரில் முன்பணம் பெறவும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக வழி செய்ய வேண்டும். சேகோசர்வ் தன் ஆலை அங்கத்தினருக்குக் கிடங்கும் முன்பணமும் தருகிறது. ஜவ்வரிசியாக மாறிய பிறகு கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, கிழங்காக இருக்கும்போது ஏன் கிடைக்கலாகாது?

தேச ஊழியர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆடியில் ஓரி விழாவுக்குப் போகிறவர்கள் மாலையோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு செல்லுங்கள். விழா முடிந்தபின் ஏதேனும் ஓர் ஊரில் பத்து வீடுகளில் அமர்ந்து, மேற்சொன்ன நான்கு கேள்விகளையும் கேட்டு எழுதி வாருங்கள். கொண்டு வருவதை இப்பத்திரிகையில் வெளியிடுகிறோம். சட்டசபை அங்கத்தினர்களின் கையில் சேர்ப்பிக்கிறோம். கொடைக்குப் பேர்போன அரசன் ஆண்ட மலைக்கு நாம் கொடை கொடுக்க வேண்டியதில்லை. அதன் தலையில் ஏற்றி வைத்திருக்கும் நமது நஷ்டத்தை இறக்கி வைத்தால் போதும்.